பெற்றோர் போட்ட மதிப்பெண்

தலைமையாசிரியர்களுக்கும் பரீட்சை உண்டு. கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வருவார். பள்ளியைச் சுற்றிப் பார்ப்பார், ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் பேசுவார், மதிப்பெண் போடுவார். இந்த முறை நல்ல மதிப்பெண் வந்தால் எனக்கு ஈப்போவுக்கு மாற்றல் கிடைக்கும் என்றார்கள். என் கணவர் அங்கேதான் எங்கள் புந்தோங் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சித்தியவானுக்கு வெளியே, பள்ளிக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சனி ஞாயிறு மட்டும்தான் எங்களுக்குக் குடும்பம்.

தோட்டப் பள்ளி என்று பெயர். தோட்டம் எங்கே? ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டாயிற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தாயிற்று, சனங்கள் டவுனுக்குக் குடிபோயாயிற்று. பிள்ளைகள் மட்டும் காலையில் வேனில் வருவார்கள். மதியம் அந்த வேன் திரும்பிப் போனால் என்னிடம் பேச ஆள் இல்லை. தொலைக்காட்சியைச் சத்தமாகப் போட்டுவைப்பேன், பார்ப்பதற்காக இல்லை.

மதிப்பீட்டு நாளில் பெற்றோர்கள் பட்டுச்சேலையும் புதுச்சட்டையுமாக வேன்களில் வந்திறங்கினார்கள். சிற்றுண்டிச்சாலையில் அதிகாரியைச் சுற்றி உட்கார்ந்து கலகலவென்று பேசினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு மனம் குளிர்ந்துபோனது. புந்தோங் வீட்டுச் சமையலறைக்கு என்ன திரைச்சீலை வாங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அதிகாரி என் அறைக்கு வந்தவர் தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"பள்ளிக்கூடம் நல்லா இருக்கு டீச்சர். ஆனா பெத்தவங்க ஒருத்தர்கூட உங்களப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லலையே. ரொம்பக் கோவக்காரங்க, யாரையும் மதிக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. இந்த வருஷம் சிபாரிசு பண்றது கஷ்டம்."

கோபக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடந்த இவர்கள் பிள்ளைகளை என் காரில் கிளினிக்குக் கொண்டுபோனதும் இதே கோபக்காரிதானே? அவர் போனதும் நேரே சிற்றுண்டிச்சாலைக்குப் போனேன். அதை நடத்தும் அக்காவின் மகளும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள்.

"நீங்களுமா அக்கா?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்களுக்கு முன்ன இருந்த பெரிய வாத்தியார நாங்க வாயாரப் புகழ்ந்தோம். அவருக்கும் முன்ன இருந்தவரையும் அப்படித்தான். ரெண்டு பேரையும் டவுனுக்குத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க. நீங்களும் போய்ட்டா எங்க பிள்ளைங்கள யாரு பாப்பா? அதான் வேன்லயே எல்லாரும் பேசி வச்சிக்கிட்டு வந்தோம்."

நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவரோ மீந்திருந்த மீ கோரெங் நூடுல்ஸை எனக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார், ராத்திரிக்கு ஆகும் என்று. பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

வேன்கள் ஹாரன் அடித்தன. என்னைப் போகவிடாத அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்து, "நாளைக்குப் பாப்போம் டீச்சர்" என்று கையாட்டியபடி டவுனுக்குப் போனார்கள். நான் கேட்டைப் பூட்டினேன்.

பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கணவரைப் போனில் கூப்பிட்டேன். மாற்றல் இல்லை என்றேன்.

"ஏன், என்னவாம்?"

"இவங்களுக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்."

அங்கே அவர் தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.