கரிசல்காட்டில் ஒரு பூட்டிய அறை

அந்தத் தொடரைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். திரைக்கதை என்று அதில் போட்டு வருவது என் பெயர்.

பழைய துப்பறியும் கதை அது. பள்ளிக்கூட நாட்களில் அட்டை கிழிந்த பிரதியைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஒரு அறைக்குள் பணக்காரர் செத்துக் கிடப்பார். கதவு உள்ளே தாழிட்டிருக்கும். கொன்றவன் வெளியே எப்படிப் போனான்? அவ்வளவுதான் கதை. தாழ்ப்பாளை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. சென்னை டிவிக்காரர்கள் அதைத் தொடராக எழுதித் தரச் சொன்னபோது, கதையை எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்கு மாற்றுகிறேன், தாழ்ப்பாளில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது என்றேன். இயக்குநர் தலையை ஆட்டினார். எதற்கும் ஆட்டுகிற தலை அது என்று அப்போது தெரியவில்லை.

வீட்டையும் நானே பிடித்துக் கொடுத்தேன். கடம்பூர்ப் பக்கம் பருத்தி வியாபாரி ஒருவரின் பெரிய வீடு. தேக்குக் கதவு, கைத்தண்டி பித்தளைத் தாழ்ப்பாள். வியாபாரி ஆசையாகச் சம்மதித்துத் தாழ்ப்பாளைப் புளி போட்டுத் தேய்த்தும் வைத்திருந்தார். படப்பிடிப்பு அன்று, செத்தவராக நடிப்பவரைத் தரையில் படுக்கவைத்ததும் வியாபாரியின் முகம் மாறிவிட்டது.

“அண்ணாச்சி, கொலை பண்ணிக்கோங்க, வேண்டாங்கல. பொணம் மட்டும் வீட்டுக்குள்ள கெடக்கக் கூடாது. மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கோம்லா.”

நடிப்புதானே என்றேன்.

“நடிப்புன்னாலும் பொணம் பொணந்தான?”

தெருவில் நாலைந்து வீடுகளில் கெஞ்சிப் பார்த்தேன். ஒருவரும் இசையவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். வயிற்றெரிச்சல் எல்லாம் இயக்குநர் மேல்தான். சென்னைக்குப் போய் ஒரு அறை செட் போட்டு எடுங்கள் என்று மன்றாடினேன். “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்” என்றவர், செத்தவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால், வெடித்துக் கிடந்த கரிசலில் படுக்கப்போட்டார். வசனத்தைக்கூட மாற்றவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரமில்லாத காட்டில் நின்றுகொண்டு, “உள்ளே யாருமே வந்திருக்க முடியாது” என்று துப்பறிபவர் தாடையைத் தடவினார். சீ! பார்க்கக் கூசிப்போய் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்றதற்கு, டைட்டில் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதாம்.

ஒளிபரப்பான அன்று வியாபாரி விடாப்பிடியாக என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். மகள் நிச்சயத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கூடம் நிறைய இருந்தார்கள். கையில் போளியைத் திணித்து டிவிக்கு முன்னால் உட்காரவைத்தார். திரையில் பிணம் வந்தது. மனிதர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, வெட்டவெளியில கெடக்காரு! எவன் வேணும்னாலும் வந்து கொன்னுட்டுப் போயிருப்பானே. இதுல துப்பறிய என்ன இருக்கு? என்னத்த எழுதி வச்சிருக்கீய?”

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவருக்குப் பின்னால், கதவில், அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள் பளபளவென்று இருந்தது. வாயிலிருந்த போளியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.