தறி நடந்த நடை

இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

திருத்தணியில் எங்கள் தெருவில் அறுபது தாண்டிய பெண்களுக்கு, கை அசைவை வைத்து நடையை எண்ணும் பட்டையைச் சுகாதார நிலையத்தில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வாரக் கடைசியில் எண்ணிக்கையை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். வாராவாரம் என் ஓர்ப்படி வசந்தாதான் முதல். அவள் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எதிலும் அவள்தான் முதல். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் பட்டையைக் கழற்றி, எங்கள் விசைத்தறியில் முன்னும் பின்னும் ஆடும் பலகையில் கட்டிவிட்டேன். தறி ஓடியது. நான் உட்கார்ந்து டீ குடித்தேன். தினமும் இதே வேலைதான். அந்த வாரம் நான்தான் முதல்.

வசந்தா முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அவளோ, “இம்மாம் நடக்கிறியேக்கா! கிருத்திகைக்கு மலைக்குப் படியேறலாம், வா. தொணைக்கு ஆளில்லாம தவிச்சிகினு இருந்தேன்” என்றாள். கிருத்திகையன்று அவளோடு கிளம்பினேன்.

அறுபதாவது படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

“நீ இங்கயே குந்துக்கா. உனக்கும் சேத்து கும்பிட்டு வரேன்” என்று ஏறியவள், பாதி வழியில் தண்ணீர் வாங்கிக்கொண்டு எனக்காக இறங்கி வந்தாள். மறுபடி ஏறிப்போய் விபூதியோடு திரும்பினாள். என் நெற்றியில் பூசிவிட்டு, என் பட்டையில் ஒட்டியிருந்த தறிப் பஞ்சுத் தூசியை விரலால் தட்டிவிட்டாள். பிறகு கை கொடுத்து என்னை எழுப்பினாள்.

அந்த வாரம் நான் பட்டையைத் தறியில் கட்டவில்லை; மறுபடி வசந்தாதான் முதல். அதில் எனக்காக இறங்கி ஏறிய படிகளும் உண்டு. அது தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது.