சாம்பாரை நம்பிச் சொன்ன யோசனை

மராத்தி பேசும் ஊரான போசரியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் என் மேஜைக்கு இரண்டு வேலை. காலையில் வெங்காயத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் காகிதங்கள். மத்தியானத்துக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து துவரை வரவழைக்கும் காகிதங்கள். இரண்டுக்கும் ஒரே ரப்பர் ஸ்டாம்ப்தான்.

எங்களுக்கு வெங்காயம் தருகிறவர்களில் ஜுன்னர் பக்கத்து விவசாயி ஒருவர். வயதில் மூத்தவர்; ஆனாலும் நான் மதராசி என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஒரு குளிர்காலத்தில் வெங்காய ஏற்றுமதிக்குத் திடீரென்று தடை போட்டார்கள். ஊரில் விலை இறங்கியது, எல்லோருக்கும் சந்தோஷம். அவருடைய வெங்காயம் மட்டும் கிடந்து அழுகியது.

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெங்காயத்தை விட்டுத்தள்ளுங்கள், துவரை போடுங்கள் என்று யோசனையும் சொன்னேன். அதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம் போபோடியில் எங்கள் வீட்டு அடுப்பு. தினம் சாம்பார். பக்கத்து வீட்டிலும் சாம்பார். நாடே இப்படிப் பருப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது விலை எங்கே இறங்கப்போகிறது என்று தெம்பாகப் பேசினேன். மழை விழுந்ததும் அவர் மூன்று ஏக்கரிலும் துவரை போட்டார்.

அறுவடை நேரம் பார்த்து இறக்குமதியைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். கப்பல் கப்பலாகத் துவரை வந்தது. காகிதங்களை ஒரு பிழை இல்லாமல் தயாரித்தேன், முதலாளி பாராட்டினார். பருப்பு விலை இறங்கியதென்று மனைவி இரண்டு கிலோ கூடுதலாக வாங்கினாள். அதே வாரம் வெங்காயத் தடையும் நீங்கியது. அவரிடம் ஒரு வெங்காயம்கூட இல்லை.

யோசனை சொன்னவனுக்கு முதல் விளைச்சலில் பங்கு தரவேண்டும் என்று ஒரு பை துவரம்பருப்போடு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மேஜையிலிருந்த இறக்குமதிக் காகிதங்களைக் காட்டி, இதெல்லாம் நான் அடித்ததுதான் என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஸ்டாம்பை எடுத்துப் பார்த்துவிட்டு மராத்தியில் நிதானமாகச் சொன்னார்:

"அடுத்த வருஷம் என்ன போடலாம்னு உங்கள கேக்கல அண்ணா. நீங்க எத வரவழைக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க. அத போடாம இருந்துக்கறேன்."

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. பையை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாம்பார் ருசியாக இருந்தது. "இது எந்த நாட்டுப் பருப்புங்க?" என்றாள் மனைவி. ஜுன்னர் என்றேன். இன்னொரு கரண்டி ஊற்ற வந்தாள். போதும் என்று தட்டை நகர்த்திக்கொண்டேன்.