பத்தொன்பது ஒன்றுகள்

பக்கவாதம் வந்து என் கணவருக்கு வலது கையும் பேச்சும் போன பிறகு, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசினார்கள். "பாவம், இவனுக்கு ஒண்ணும் புரியாதும்மா" என்பார் அவருடைய அண்ணன். நான் மறுப்பேன். ஆனால் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, திருநகரிலிருந்து பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போய், தொண்டை வறளக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத் திரும்பும்போது எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடும். அவரும் கணக்கு வாத்தியார்தான். என்னைவிட நல்ல வாத்தியார்.

ஒரு நாள் அவருடைய இடது கையில் பென்சிலைக் கொடுத்தேன். ஒன்று, ஒன்று என்று போட்டுக்கொண்டே போனார். அண்ணன் சொன்னது சரிதானோ என்று நினைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது ஒன்றுகள். அதற்கு அடியில் ஒரு இரண்டைப் போட்டதும் அவர் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்துவிட்டது. அந்தப் பத்தொன்பது இலக்க எண் ஒரு பகா எண்; தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. அது படித்தவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். கையால் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. இரண்டில் தொடங்கி, வர்க்கமாக்கி, வேண்டிய இடத்தில் இரட்டித்து, ஒவ்வொரு முறையும் அந்த எண்ணால் வகுத்து மீதியை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அறுபது படி போல வரும். கடைசி மீதி ஒன்றாக இருக்கும். நடுவில் ஒரு இலக்கம் தப்பினாலும் ஒன்று வராது, ஏதாவது குப்பை எண்தான் வரும்.

வராவிட்டால் கவலையில்லை, நல்ல மூளையும் கூட்டலில் சறுக்கும். வந்துவிட்டால் மனுஷன் உள்ளே முழுசாக இருக்கிறார். அவர் எண்ணைச் சோதித்தார். நான் அவரைச் சோதிப்பது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். தப்பைப் பார்த்தால் கை துறுதுறுத்துத் திருத்திவிடுவேன் என்று நான் தாள்களின் பக்கமே போகவில்லை. மாதங்கள் ஓடின. கடைசியில் வந்தது பதினெட்டு இலக்கக் குப்பை. அவர் புதுத் தாளுக்குக் கை நீட்டினார்.

அடுத்த சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்து வீடு வந்த அன்று, தாளின் அடியில் ஒன்று இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இம்புட்டு நாளா எழுதி எழுதி, கடைசியில ஒரு ஒண்ணுதான் போட்டிருக்கானா?"

விளக்கத் தெம்பில்லை. "ஆமா மாமா, ஒண்ணுதான்" என்றேன். கட்டிலில் கிடந்த என் கணவர் பாதி வாயால் சிரித்தார்.

அண்ணன் போனதும் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விழுந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். தலைமையாசிரியையின் ஏச்சு, இடுப்பு வலி, அவரைத் தூக்கும்போது வரும் எரிச்சல் உட்பட. "என்னால முடியலைங்க" என்றேன்.

அவர் தன் தலைக்கடியிலிருந்த தலையணையை இடது கையால் உருவி என் பக்கம் தள்ளினார்.