தலை இறக்கம் பார்த்து நின்ற கார்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை சீமைக்குப் போனபோது தன் சிவப்புக் காரைத் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் பெரிய கிளாக்கரையாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே பேர் உட்காரும் கார். மேலே கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்துப் போட ஒரு கித்தான் துணிதான். சில்லுகளில் சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிகள். சுதந்திரம் கிடைத்த பிறகு துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது.

கிளாக்கரையாவுக்கு ஓட்டத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் தேயிலை ஸ்டோரில் லொறி ஓட்டினார். அந்தக் காரைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. லொறியைக் கழுவும் நேரத்தில் பாதியை அந்தக் காரைத் துடைப்பதில் போக்கினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் நான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்தபோது அவர் வாசலில் நின்று சிரித்தார். காரணம் இல்லாமல் சிரிக்கிற மனுஷர் இல்லை அவர்.

"கிளாக்கரையா காரைத் தர்றேங்கிறாரு புள்ள. காசு கூட வேணாமாம்."

"பின்னே என்ன வேணுமாம்?"

அவர் பசு கட்டியிருந்த மாட்டுக்காலைப் பக்கம் பார்த்தார்.

என் செவலைப் பசுவைக் கன்றிலிருந்து வளர்த்தவள் நான். கொழுந்து பறிக்க மலைக்குப் போவதற்கு முன் புல்லறுத்துப் போட்டு, வந்து மறுபடி அறுத்துப் போட்டு வளர்த்தது. எங்கள் லயத்து வரிசையில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் பாலில்லாத வெறும் தேயிலைச் சாயம் குடித்தபோது என் இரண்டு பிள்ளைகளும் பால் குடித்தார்கள். மூன்றாவது அப்போது வயிற்றில் இருந்தது. பசு போனால் அதுவும் சாயம்தான் குடிக்கும்.

"ரெண்டு பேரு உக்கார்ற காரை வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றேன்.

"கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுவேன். ஹட்டன் கோயில்ல இருந்து பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு வந்தா எப்புடி இருக்கும்!"

"அவங்க ரெண்டு பேரும் உக்காந்தா நீங்க எங்க உக்காருவீங்க, மாப்பிள்ளை மடியிலயா?"

அன்று ராத்திரி அவர் சோற்றைத் தொடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் கிளாக்கரையா வீட்டம்மாவே வந்துவிட்டார்கள், செம்போடு. மாடு வாங்கும் வழக்கப்படி மூன்று வேளை தன் கையால் கறந்து பார்க்க வேண்டுமாம். சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். கன்று பால் குடித்துவிட்டதா, அல்லது குடிக்க விடாமல் ஒதுக்கிக் கட்டி மடியைப் பெருக்க வைத்திருக்கிறேனா என்று தொழுவமெல்லாம் கண்ணால் துழாவுவார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அதனால் நானும் சொன்னேன்: "நீங்க மூணு வேளை பாத்தா நானும் மூணு வேளை பாப்பேங்க அம்மா."

வீட்டம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "காரைக் கறக்கப் போறியா?"

"கறக்கிறனோ குத்திப் பாக்கிறனோ, அது எம் பாடு."

நானும் சொல்லாமல் கொள்ளாமல்தான் போனேன். ஸ்டோருக்கு மேல் வளைவில் கார் நிற்கும். முன்பக்கத்து வெள்ளிக் கம்பிகள் பல்வரிசை மாதிரி இருந்தன, அதைத் தடவிப் பார்த்தேன். கதவு ஓரத்தில் மரம் வைத்திருந்தார்கள், கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். தோல் இருக்கையை முகர்ந்தேன். எலி வாசம் இல்லை. ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் ஸ்டோரிலிருந்து ஓடி வந்து, சில்லுக்கு அடியில் வைத்த கல்லை எடுத்துவிட்டு, கதவைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளி, துள்ளி ஏறி உட்காருவார். கார் சரிவில் உருண்டு, வளைவு திரும்புமுன் உறுமிக்கொண்டு கிளம்பும். மாட்டைத் தட்டிக்கொடுத்துக் கிளப்புவதுபோல இதற்கும் ஒரு தள்ளு வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டோர் லொறியையும் பல நாள் காலையில் அப்படி உருட்டித்தான் எடுப்பார்கள்.

மூன்று தடவையும் ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. குறையில்லாத பொருளை ஒரு மனிதர் ஏன் ஒரு பசுவுக்குக் கொடுக்க வேண்டும்? கிளாக்கரையா கொழுந்தை நிறுக்கும்போது ஓர் இலை கூட எங்களுக்கு விட்டுக்கொடுக்காதவர்.

ஆனால் வழக்கப்படி பார்த்தாயிற்று, குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பசுவைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவிப் பொட்டு வைத்து, கன்றோடு கிளாக்கரையா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வளைவு அவர் வீட்டு முன்னால்தான். கார் துடைத்துப் பளபளவென்று நின்றது. வாசல் முருங்கையடியில் பசுவை நிறுத்தி, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"கயித்தை ஏன் எடுக்கிற? கயிறோட குடு" என்றார்கள் வீட்டம்மா.

"மாடு கொடுத்தா கயிறு கொடுக்கிறது இல்லீங்க அம்மா. கயித்தோட வீட்டு லச்சுமியும் போயிருவா. வாங்கறவங்கதான் புதுக்கயிறு கொண்டாரணும்."

அவர்களுக்கு மாடு கறக்கத் தெரியும், ஆனால் டவுனில் பிறந்து வளர்ந்தவர்கள், இந்தக் கயிற்று வழக்கம் தெரியாது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கயிற்றில் ஏதோ மந்திரம் வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கிளாக்கரையா பக்கம் திரும்பி, "அவ கயிறு தரமாட்டாளாம். அப்ப நாம மட்டும் ஏன் ஹேண்டிலைத் தரணும்? நம்ம லச்சுமி போனாப் பரவாயில்லையா?" என்றார்கள்.

ஹேண்டில் என்றது காரின் மூக்கில் மாட்டிச் சுற்றும் வளைந்த இரும்பு. கிளாக்கரையா யோசித்துப் பார்த்து, அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, அது இல்லாம எப்புடிங்க? எறக்கம் இல்லாத எடத்துல நின்னுட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

வாய் தவறி வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்ன எறக்கம்?" என்றேன்.

நான் காரைப் பார்த்தேன். தலை இறக்கம் பார்த்து நின்றது. மூன்று தடவையும் அப்படித்தான் நின்றது. ஒரு தடவை கூட மேட்டைப் பார்த்து நிற்கவில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. காரைத் திருப்பி, மூஞ்சியை மேட்டுப் பக்கம் வச்சு நிறுத்தச் சொல்லுங்க."

"சும்மா இரு புள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்க திருப்புங்க."

கிளாக்கரையாவும் அவருமாகத் தள்ளித் திருப்பினார்கள். வீட்டுக்காரர் உள்ளே இருந்த, காரைக் கிளப்பும் பித்தானை இழுத்தார், சத்தமே இல்லை. ஹேண்டிலைப் போட்டு இவர் சுற்றினார், கிளாக்கரையா சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுற்றினார். பின்னால் புகைதான் வந்தது. பசு கிளாக்கரையா வீட்டுச் செவ்வந்திச் செடியை மேய ஆரம்பித்தது.

நான் தோளில் கிடந்த கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் மறுபடி கட்டினேன்.

வழி நெடுக வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "மலைநாட்டுல எங்க பாத்தாலும் எறக்கந்தானே புள்ள. அதுக்கா வேணாம்னுட்ட?"

"தெரிஞ்சுதானே தள்ளுனீங்க, மூணு தடவையும்?"

அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் காரின்மேல் இல்லை, அவர்மேல்தான்.

சில மாதம் கழித்து டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் அந்தக் காரை வாங்கிப்போய் ஏதோ சின்னச் சாமானை மாற்றினாராம். ஒரு சாயங்காலம் மாட்டுக்காலையில் கறந்துகொண்டிருந்தேன். கீழ்ச் சாலையிலிருந்து அந்தக் காரின் சத்தம் கேட்டது. அது எங்கள் மேட்டில் நிற்காமல், திணறாமல் ஏறிப் போனது. வீட்டுக்காரர் மாட்டுக்காலை வாசலில் நின்று, சத்தம் அடங்கும்வரை பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார்.

நான் செம்பிலிருந்து தலை நிமிரவில்லை. தொட்டிலில் கடைசிப் பிள்ளை பாலுக்கு அழுதுகொண்டிருந்தது.