வேன் தொட்டியில் ஒரு சொம்புத் தீர்த்தம்

அண்ணன் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் வீட்டு முன்னால் நிறுத்தியபோது தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஸ்டியரிங் பிடிக்காமல் அவருக்குக் கை அரிக்கிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மஞ்சள் பெயின்டைச் சுரண்டி வெள்ளை அடித்து, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே படுக்கை, அடுப்பு, சிங்க், மூலையில் ஒரு கழிப்பறை என்று அவர் கட்டத் தொடங்கிய பிறகுதான் அந்த வண்டி யாருக்காக என்று விளங்கியது. எனக்காக.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், மதுரைக்கும் ராஜபாளையத்துக்குமாக அலைந்து, கடைசியில் அண்ணன்தான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அதை என் உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் உயிருள்ளவரை மாத்திரை சாப்பிட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிறபடி சொன்னால், அந்த மாத்திரை உடம்புக்குள் இருக்கிற காவல் நாய்க்குக் கொடுக்கிற தூக்க மருந்து. அண்ணனுடைய சிறுநீரகத்தைப் பார்த்து நாய் குரைத்துவிடக் கூடாது. ஆனால் தூங்குகிற நாய் கள்ளன் வந்தாலும் குரைக்காது. சாதாரண ஆளுக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற தண்ணீர் என்னை ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிடும். படுத்தால் அண்ணன் கொடுத்ததும் சேர்ந்து போகலாம். ஒரு வருடம் கழிந்ததும் டாக்டர் வெளியூர் போகலாம் என்றார். கூடவே, 'தண்ணி விஷயத்துல மட்டும் யாரையும் நம்பாதீங்க' என்றும் சொன்னார்.

எனக்கோ எங்காவது போக வேண்டும். வீடு, ஆஸ்பத்திரி, திரும்ப வீடு என்று வருடக்கணக்காகக் கிடந்தவளுக்கு ஆற்றங்கரையில் ஒரு காலை விடிந்தால் போதும் என்றிருந்தது. ஆற்றங்கரையில் இருக்கிற நவதிருப்பதிப் பெருமாள் கோயில் ஒன்பதையும் பார்த்துவிட்டு வருவோம், அது ஒத்திகை, உடம்புக்கு ஒன்றும் வரவில்லையென்றால் அப்புறம் வடக்கே போவோம் என்று அண்ணன் திட்டம் போட்டார்.

குடிக்கத்தான் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பல் விளக்க? தக்காளி கழுவ? டம்ளர் அலச? நாம் வாயில் வைக்கிற தண்ணீரில் நமக்குத் தெரிந்து குடிப்பது கொஞ்சம்தான். அதனால் வேனில் ஒரு சொட்டு வந்தாலும் அது சுத்தமான சொட்டாக இருக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். படுக்கைக்கு அடியில் தொட்டி, அதிலிருந்து ஒரு சின்ன மோட்டார், மோட்டாருக்கு முன்னால் குப்பையைத் தடுக்க ஒரு வலை, அப்புறம் குழாய். அவ்வளவுதான் மொத்த அமைப்பும். அதற்கு நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் செடிக்கு ஊற்றுகிற பச்சை ஹோஸை வைத்துத் தொட்டியை நிரப்பினார். முகர்ந்து பார்த்தேன், ரப்பர் செருப்பு வாசனை. பிடுங்கித் தெருவில் எறிந்தேன். உள்ளே கண்ணாடி மாதிரித் தெரிகிற ட்யூப் போட்டிருந்தார். தண்ணீர் ஓடுவது அழகாகத் தெரிகிறதாம். வெளிச்சம் பட்டால் உள்ளே பச்சை படியும், கறுப்பு ட்யூப் போடுங்கள் என்றேன்.

"ஏட்டி, கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம் பயந்தா சீவிக்க முடியுமா?" என்றார்.

"கண்ணுக்குத் தெரியாததுதான் அண்ணே என்னையப் படுக்கப் போடும்."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். நான் வேலை பார்ப்பது காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்து வெளுக்கிற கம்பெனியில். பிளீச்சிங் வாசனை எனக்குச் சாம்பிராணி மாதிரி, அது இல்லாவிட்டால் இடம் சுத்தமாக இருப்பதாகவே தோன்றாது. குளோரின் கரைசலை அளவு பார்த்துத் தொட்டித் தண்ணீரில் கலந்து, குழாயைத் திறந்து, அந்த வாசனை குழாயிலும் வருகிறவரை ஓடவிட்டு, மூடி ஊறவைத்து, பிறகு வடித்து, வாசனை போகிறவரை நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்ப அலச வேண்டும். தொட்டியை மட்டும் கழுவினால் போதாது. குழாயின் உட்சுவரில் மெல்லிசாக ஒரு வழுக்கல் படியும், அதுதான் எல்லாக் கிருமிக்கும் தாய் வீடு. இதையெல்லாம் அண்ணன் ஒழுங்காகவே செய்தார். பட்டாளத்துக்காரருக்கு ஒரு வேலையை ஒரு தடவை ஆர்டராகச் சொல்லிவிட்டால் போதும், பிறகு அவரே நமக்கு ஆர்டர் போடுவார்.

மதினி, அதாவது அண்ணன் மனைவி, இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணியக் கழுவுததுக்கே ஊர்த் தண்ணி தீந்துரும் போலருக்கு" என்றாள்.

மதினிக்குக் கோயில்தான் உலகம். அவளுக்கு என்னிடம் ஒரே ஒரு குறை, நான் தீர்த்தம் குடிப்பதில்லை. உள்ளங்கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றித் தலையில் தெளித்துக்கொள்வேன், வாயில் விட மாட்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னால், "பெருமாள் தண்ணில என்னட்டி கிருமி?" என்பாள். நானும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

தொட்டியைக் கழுவி நிரப்பி மூடிக்குப் பூட்டும் போட்டாயிற்று. அடுத்த நாள் கிளம்ப வேண்டியது. என் ரத்தப் பரிசோதனை முடிவு வரத் தாமதமாகி, பயணம் நாலைந்து நாள் தள்ளிப்போனது. வேன் புரட்டாசி வெயிலில் தெருவிலேயே நின்றது. பெயர்தான் புரட்டாசி, காய்ந்ததென்னவோ சித்திரை வெயில். முடிவு நல்லபடியாக வந்ததும், ஒரு காலையில் அண்ணனும் மதினியும் என்னை அழைத்துப் போக வேனை ராஜபாளையத்தில் என் வீட்டுக்கே கொண்டு வந்துவிட்டார்கள்.

பையை உள்ளே வைத்தேன். தொட்டித் தண்ணீர் இத்தனை நாள் நின்றதாயிற்றே, வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்தேன். மோட்டார் இரைந்தது, தண்ணீர் விக்கி விக்கி வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. சிங்க்கில் விழுந்ததைக் குனிந்து முகர்ந்தேன். நாலு நாள் பூச்சாடித் தண்ணீரின் நாற்றம்.

அண்ணன் வலையைக் கழற்றினார். அடைத்துக் கிடந்ததை விரலால் வழித்து உள்ளங்கையில் போட்டுப் பார்த்தார்.

"என்னட்டி இது? துளசி மாதிரிலா இருக்கு."

கறுத்து அழுகிய துளசி. இரண்டு ஏலக்காய்த் தோல். வேன் வாசலில் நின்ற மதினி சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மதினி, என்ன ஊத்துனீய?"

"சனிக்கிழமைன்னு கோயிலுக்குப் போனேன். ஒரு சொம்புத் தீர்த்தம் வாங்கியாந்து ஊத்துனேன். கையில குடுத்தா நீ குடிக்க மாட்டேங்க. தொட்டில ஊத்துனா எப்பிடியும் ஒனக்குள்ள போயிரும்லா."

பூட்டின் சாவி அண்ணன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சட்டையைத் துவைக்கிறவள் மதினி.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. வலை அடைக்காமல் இருந்திருந்தால்? ஒரு அவசரத்தில் வாய் கொப்பளித்திருந்தால்? "என்னையக் கொல்லப் பாக்கியளா மதினி?" என்று கத்தினேன். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள், இதுதானா உங்கள் பக்தி என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். அண்ணன் வேனுக்கு அடியில் குனிந்தார், வடிகால் வால்வைத் திறப்பதற்கு.

அப்போதுதான் மதினி அசைந்தாள். போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கன விடாதீய. தீர்த்தத்தச் சாக்கடைல விட்டா குடும்பத்துக்கு ஆகாது. ஆளுக கால் படும்."

"நீங்க ஊத்துனது ஒரு சொம்பு. மத்ததெல்லாம் வெறும் பச்சத் தண்ணி" என்றேன்.

"ஒரு சொட்டு சேந்தாலும் அம்புட்டும் தீர்த்தம்தான்."

எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. ஏனென்றால் அந்த நிமிடம் வரை நானும் அதே கணக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு கெட்டது சேர்ந்தாலும் அம்புட்டும் கெட்டது. அவள் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கணக்கு அதேதான். இரண்டு பேரும் கண்ணால் பார்க்காத ஒன்றுக்காகத்தான் தொட்டியைச் சுற்றி நின்றோம். நான் படித்ததை நம்பினேன், அவள் கும்பிட்டதை நம்பினாள். ஆனால் தொட்டிக்குள் அழுகிக் கிடந்த துளசி யாருடைய நம்பிக்கைக்காகவும் அழுகாமல் இருக்கவில்லை. அதை நினைக்க நினைக்கக் கோபம் குறையவே இல்லை.

அண்ணன் இரண்டு பேரையும் பார்த்தார். "ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார்.

சேத்தூர் போகிற வழியில் அவருடைய பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவருக்குத் தென்னந்தோப்பு உண்டு. வண்டியை அங்கே விட்டு, ஒரு தென்னையின் தூருக்கு நேராக நிறுத்தி, வால்வைத் திறந்துவிட்டு, சிநேகிதரைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிட்டார். தண்ணீர் மெதுவாகத்தான் வடிந்தது. நானும் மதினியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாத்தி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாதிப் பாத்தி நிரம்பியபோது மதினி பேசினாள்.

"ஒன்னையக் கொல்லவா நான் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன்?"

நான் திரும்பினேன்.

"அவிய குடுக்கேன்னு சொல்லிட்டாவ. பொஞ்சாதி சம்மதம் வேணும்னு டாக்டர் எங்கிட்ட கேட்டாரு. இவியளுக்கு ஒண்ணு ஆச்சின்னா எனக்கு யாரு இருக்கா? ஆனாலும் போட்டேன். ஒங்கிட்ட இருக்கது எங்க வீட்டுது, ஏட்டி. அன்னைலருந்து பெருமாள்கிட்ட அவியளுக்குன்னு தனியா, ஒனக்குன்னு தனியா கேக்குததில்ல. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கேக்கேன். அதுக்குத்தான் ஊத்துனேன்."

அந்தக் கையெழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. எத்தனையோ காகிதங்களில் அதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணனுக்கு நன்றி சொல்லத் தெரிந்த எனக்கு, பக்கத்தில் நின்றவளுக்கும் ஏதோ போயிருக்கிறது என்பது இத்தனை நாளும் உறைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறவில்லை.

என் வீட்டுக்குத் திரும்பி வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தோம். தொட்டியின் வாய் சின்னது, அண்ணன் கை முழங்கைக்கு மேல் நுழையவில்லை. மதினி வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைத் தோள் வரை உள்ளே விட்டாள். உள்ளே தடவியவள் முகம் மாறிப்போனது.

"வழுவழுன்னு இருக்குட்டி. மீனத் தொட்ட மாதிரி. நாலு நாளைக்குள்ளயா இப்பிடி?"

"அதான் மதினி நான் சொன்னது."

பிரஷ் வாங்கி மூலை முடுக்கெல்லாம் அவளே தேய்த்தாள். நான் போதும் என்று சொன்ன பிறகும் தேய்த்தாள். பிறகு குளோரின் கலந்து ஊறவைத்து, வடித்து, திரும்பத் திரும்ப அலசினோம். ஒவ்வொரு தடவையும் அவளே குனிந்து முகர்ந்து, "இன்னும் வாடை அடிக்கி" என்று திரும்ப ஊற்றச் சொன்னாள். சாயங்காலம் நல்ல தண்ணீர் நிரப்பிக் குழாயைத் திறந்தபோது ஒரு வாசனையும் இல்லை. குடிப்பதற்கு வேண்டியதைப் பிடித்துக் கொதிக்க வைத்து ஆற்றினேன்.

டம்ளரில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோகும்போது மதினி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ இரு. மொதல்ல நான் குடிக்கேன்."

மடமடவென்று குடித்தாள். வெறும் டம்ளரைச் சிங்க்கில் வைத்துவிட்டு, "ராத்திரி போகட்டும். எனக்கு ஒண்ணும் செய்யலன்னா காலையில நீ குடி" என்றாள்.

அவளை ஒன்றும் செய்யாத தண்ணீர் என்னைக் கிடத்திவிடும். அவள் குடித்துப் பார்ப்பதால் என் விஷயத்தில் எதுவும் தெரியப்போவதில்லை. டாக்டர் சொன்னதை அவளுக்கு நூறு தடவை விளக்கியவள் நான். அதைத் திரும்பச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் ஏற்கனவே காய்ச்சி வைத்திருந்த தண்ணீரைக் குடித்துப் படுத்தேன். விடிந்ததும் வேனுக்குப் போனேன். மதினி எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்து, கொதித்து ஆறின தண்ணீரை டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யல" என்றாள். "குடி, தாயி."

குடித்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும், அவள் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்தேன்.