ஆறு கட்டில் அறையும் என் அண்ணனும்

பேக்பேக்கர் ஹாஸ்டல் என்பது, முன்பின் பழக்கமில்லாத ஆறு பேரை ஓர் அறையில் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் ஆறு பேரும் நம்மைத் திட்டாமல் பல் துலக்கப் போனால் அதையே பெரிய வெற்றியாகக் கொண்டாடும் தொழில்.

உங்கள் வீட்டுக்கும் விருந்தாளிகள் வந்திருப்பார்கள். நல்ல போர்வை எங்கே போனது என்று பீரோவைக் கலைத்திருப்பீர்கள். குளியலறையில் யார் இவ்வளவு நேரம் என்று கதவைத் தட்டவும் முடியாமல், தட்டாமல் இருக்கவும் முடியாமல் நின்றிருப்பீர்கள். உங்களுக்கு அது வருஷத்தில் நாலைந்து நாள். எனக்குத் தினமும். ஆகையால் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்ள உங்களைவிட்டால் ஆள் இல்லை.

இடம் மதுரை ஆனையூர். அப்பா கட்டிய மாடி வீடு. எனக்கும், மேலூரில் உரக்கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கும் பொது. பன்னிரண்டு வருஷம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸை மூடிவிட்டார்கள். ஊரை விட்டு ஆட்களை அனுப்பியது போதும், இனி வரவழைப்போம் என்று மாடியில் அடுக்குக் கட்டில்கள் வாங்கிப் போட்டேன். ஓர் அறை பெண்களுக்கு மட்டும். இன்னொன்று யார் வேண்டுமானாலும் தங்கும் ஆறு கட்டில் அறை. எனக்குக் கணவர், பிள்ளை என்று யாரும் இல்லை. சமையலுக்கு ஒத்தக்கடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பாண்டியம்மாள் இருக்கிறாள். அவளும் நானும்தான் மொத்த நிர்வாகம்.

கழுவி வைத்த தட்டு

முதல் மாதத்திலேயே வந்தவள் இவா. ஸ்லோவேனியாப் பெண். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று அவள் போனபிறகுதான் வரைபடத்தில் பார்த்தேன். காலையில் நாலு இட்லி சாப்பிட்டாள். தட்டைக் குழாயடிக்கு எடுத்துப்போய்த் தேய்த்துக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். மதியமும் அப்படியே. நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால் பாண்டியம்மாள் கட்டைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறாள். நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

தான் கழுவியது சுத்தமில்லை என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாளோ என்று பாண்டியம்மாளுக்கு வருத்தம் என்று நான் கணக்குப் போட்டேன். அது தப்பு. அவளுடைய கோபம் என் மேல். அவளுடைய அம்மா வயல் வேலைக்குப் போன வீடுகளில், சாப்பிட்ட தட்டை வேலைக்கு வந்தவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வரவேண்டும். வீட்டுக்காரர்கள் தொடமாட்டார்கள். இங்கேயும் நான்தான் அந்தப் பெண்ணிடம் கழுவச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, இப்படிப்பட்ட வீட்டில் வேலை செய்ய மாட்டேன் என்று கிளம்பிவிட்டாள். மாடிக்கு ஓடி இவாவையே அழைத்து வந்தேன். சாப்பாடு போட்டவர்களுக்கு நன்றி சொல்ல எங்கள் வீட்டில் தட்டைக் கழுவி வைப்போம் என்று அவள் சொன்னதைத் தமிழில் சொன்னேன். பாண்டியம்மாள் பையை இறக்கி வைத்தாள்.

"நன்றிக்குக் கழுவுனா கழுவட்டும்க்கா. ஆனா நம்ம வீட்ல யாரும் சொல்லிக் கழுவக் கூடாது. அம்புட்டுத்தேன்."

அண்ணன் வந்த ஞாயிற்றுக்கிழமை

ஆரம்பித்த மூன்றாம் மாதம், ஆனியில், அண்ணன் மேலூரிலிருந்து வந்தார். தெருவில் யாரோ என்னமோ ஓதியிருக்கிறார்கள். ஆறு கட்டில் அறை வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்தார். ஆண் செருப்பு எத்தனை, பெண் செருப்பு எத்தனை என்று பிரித்தே எண்ணியிருப்பார். "ஆம்பளையும் பொம்பளையும் ஒரே ரூம்லயா?" என்று கேட்டார். ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை இருக்கிறது, பூட்டி வைக்கப் பெட்டி இருக்கிறது, உலகம் முழுக்க இப்படித்தான் என்றேன். உலகத்தில் இருப்பதெல்லாம் ஆனையூரில் எதற்கு என்பதுபோல் பார்த்தார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. இதை ஒரு நல்ல குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நான் மேலூரில் அவர் வீட்டு மாடியில் வந்து இருந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே எனக்குச் சோற்றுக்குக் குறை இருக்காது. அண்ணி தங்கமானவர். ஆனால் காலையில் எழுந்தால் எனக்கென்று செய்ய ஒரு வேலையும் இருக்காது. நாற்பத்தாறு வயதில் அப்படி உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

கீழே கூடத்தில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதுதானா தியாகோ இறங்கி வரவேண்டும்? பிரேசில் நாட்டுப் பையன். அன்று காலையில் வாங்கிய கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் காபியோடு படியிறங்கினான். எந்தப் படியில் அவிழும் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய், காபியை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, கைலியை இழுத்துப் பிடித்து மடித்து இறுக்கிக் கட்டிவிட்டார். அவன் மகிழ்ச்சியில் அண்ணனைக் கட்டிப் பிடித்தான். அண்ணன் விறைத்துப்போய் நின்றார். பிறகு சட்டையை நீவி விட்டுக்கொண்டு சொன்னார்:

"தை வரைக்கும் நடத்திப் பாரு. அப்புறம் நானே வந்து பூட்டுப் போட்டுருவேன். கைலி கட்டத் தெரியாதவய்ங்கள நம்பி ஒரு தொழிலா?"

பெயர்

என் பெயர் ஹாஸ்டலில் யாருக்கும் தெரியாது. பாண்டியம்மாள் கூப்பிடுவதைக் கேட்டு எல்லோருக்கும் நான் அக்கா. அறுபத்தைந்து வயது நார்வேக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஊருக்குப் போன இவா ஒரு தபால் அட்டை போட்டிருந்தாள். முகவரி: அக்கா, ஆனையூர், மதுரை. தெருப் பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. அது என் கைக்கு வந்து சேர்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தபால்காரரிடம் கேட்டேன்.

"ஆனையூர்ல எம்புட்டோ அக்கா இருக்காக. வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டி வந்தா அது நீங்கதானம்மா."

ஆடி மாதத்து ஒலிபெருக்கி

ஆடியில் தெருமுனை அம்மன் கோயிலில் திருவிழா. மின்கம்பத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். அதன் வாய் நேராக எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்து இருந்தது. விடியற்காலை ஐந்துக்கு ஆரம்பம். உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும், நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சமயம் பார்த்துப் பத்து நாளைக்கு அறை சொல்லி வந்திருந்தார் சாத்தோ. ஜப்பானில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காதில் பஞ்சோடு கீழே வருவார், ஒரு வார்த்தை சொல்லாமல் குனிந்து வணங்கிவிட்டுப் போவார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. இணையத்தில் அவர் நாலு வரி மோசமாக எழுதினால் போதும், வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். அண்ணன் தை வரை காத்திருக்கவே வேண்டியதில்லை.

விழாக் கமிட்டிக்காரரிடம் போய்க் கெஞ்சினேன். அவரும் பெருந்தன்மையாகக் குழாயைப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மத்தியானமே ஏணி போட்டு ஏறி மறுபடி எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். நான் கைவிட்டுவிட்டேன். நாலாம் நாள் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து, "வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் குடு" என்று வைத்துவிட்டுப் போனார். சாத்தோ சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மூன்று டம்ளர் குடித்தார். அப்புறம் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பொறுக்க முடியாமல், என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது:

"புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன். கூழ் கொடுத்த அம்மா எதிர்வாசலில் நின்று கை ஆட்டுகிறார். இனிமேல் என்னவென்று எழுதுவது?"

சொட்டு மருந்து

கார்த்திகையில் அண்ணனுக்கு மதுரையில் வலது கண்ணில் புரை ஆபரேஷன். ஒரு வாரம் தூசியில் பஸ் பயணம் கூடாது என்றுவிட்டார்கள். அண்ணி மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் இருந்தார். என் அறை சமையலறையை ஒட்டியது. பாண்டியம்மாள் மிளகாய் வறுத்தால் நல்ல கண்ணே எரியும். பெண்கள் அறையில் அவரைப் படுக்க வைக்க முடியாது. மிச்சம் இருந்தது ஆறு கட்டில் அறையில் ஒரு கீழ்க் கட்டில். லாட்ஜில் இருந்துகொள்கிறேன் என்று முரண்டு பிடித்தார். லாட்ஜில் யார் மருந்து ஊற்றுவார்கள் என்றேன். கறுப்புக் கண்ணாடியோடு மாடி ஏறினார். வலது பக்கம் சாய்ந்து படுக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இடது பக்கம் திரும்பினால் அறை முழுக்கத் தெரியும். ஆகவே மேல்துண்டை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரண்டு வகைச் சொட்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பத்து நிமிஷம் விட வேண்டும். முதல் நாள் நான் ஊற்றினேன். இரண்டாம் நாள் அறைக்கு மூன்று பேர் புதிதாக வந்து இறங்கினார்கள். வெளிநாட்டுக்காரர் வந்தால் ஒரு நாளைக்குள் அவர் விவரத்தையெல்லாம் அரசாங்கத்துக்குப் பதிந்து அனுப்ப வேண்டும். அந்த வேலையில் தலையை விட்டவள் மணியை மறந்தேபோனேன். கண்ணில் மருந்து ஊற்றப் பாண்டியம்மாளுக்குப் பயம். அடித்துப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினால், அண்ணனுடைய கண்ணில் ஏற்கெனவே மருந்து விழுந்திருந்தது. மேல் கட்டிலில் தங்கியிருந்த அனு, திருச்சூரிலிருந்து தனியாக பைக்கில் வந்த பெண், மருந்துச் சீட்டைப் பார்த்து ஒரு அட்டவணை எழுதிக் கட்டில் காலில் ஒட்டியிருந்தாள். யார் எந்த வேளை என்று அதில் பெயர்கள். கேரளாவெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருந்த தியாகோவுக்கு மதியம் இரண்டு மணி. "அண்ணே, ஓப்பன்" என்பான். அண்ணன் கண்ணோடு சேர்த்து வாயையும் திறப்பார்.

எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது. இவர்கள் படுக்க இடம் கேட்டு வந்தவர்கள். யானைமலை பார்க்கப் போனவர்கள்கூடத் தங்கள் முறைக்குள் திரும்பி வந்தார்கள். நான் ஒருத்தரையும் கேட்கவில்லை. நாலாம் நாள் அண்ணன் மேல்துண்டை எடுத்துவிட்டு, கண்ணாடியோடு சாய்ந்து உட்கார்ந்து, குருத்துப்பூச்சி விழுந்த நெல்லுக்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அனு அதை இங்கிலீஷில் சொல்ல, நாலு நாட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். அன்று சாயங்காலம் அண்ணி போனில் அழுதிருக்கிறார், பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று. அண்ணன் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன்.

"எதுக்கு அழுகிற? என்னையப் பாத்துக்க இங்க அஞ்சு பேரு இருக்காக. ஒருத்தரும் நமக்கு ஒட்டு ஒறவு கெடையாது."

தை

அந்த வாரத்துக்குப் பிறகு அண்ணன் பூட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மாற்றாத மனிதர். உதவிக்கு நன்றி வேறு, வீட்டு விஷயம் வேறு என்று பிரித்துப் பார்க்கக் கூடியவர். மார்கழி முழுக்க போன் அடித்தால் அண்ணனோ என்று எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். ஜல்லிக்கட்டு பார்க்க வந்தவர்களால் பொங்கலுக்கு வீடு நிரம்பி வழிந்தது. நிரம்பிய வீட்டைப் பார்க்கும்போது பயம் இன்னும் கூடியது.

தை ஐந்தாம் தேதி காலையில் வந்து நின்றார். கையில் பை. என்ன பேச வேண்டும் என்று ஒரு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "அண்ணே, நான் சொல்றதக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, மறுநாள் இடது கண்ணுக்கு ஆபரேஷன் என்றார். பையில் வேட்டி, துண்டெல்லாம் எடுத்து வந்திருப்பதாகச் சொன்னார். கட்டில் இருக்கிறதா என்றார். நோட்டைப் பார்க்கவே வேண்டாம். பெண்கள் அறையும் நிறைந்திருந்தது, ஆறு கட்டில் அறையும் நிறைந்திருந்தது. கூடத்தில்கூட ஒருவன் பாய் விரித்திருந்தான். "ஒருத்தர வேற எடத்துக்கு அனுப்பிடுறேன்ண்ணே, சொன்னா கேப்பாங்க" என்றேன்.

அண்ணன் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அடுத்த தாளைத் திருப்பினார். மாசி பத்தின் மேல் விரலை வைத்தார்.

"சொல்லாமக் கொள்ளாம வந்தது என் தப்பு. சொல்லி வச்சு வந்தவுகள எழுப்பக் கூடாது. ஆஸ்பத்திரில நான் தேதிய மாத்திக்கிறேன். மாசி பத்துலருந்து ஒரு வாரத்துக்கு எம்பேரப் போட்டு வையி. கீழ்க் கட்டிலாப் பாத்து."

ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்து நான் நடத்தும் இந்தத் தொழில், கூடப்பிறந்த அண்ணனுக்கு இடமில்லை என்று ஆன அன்றைக்குத்தான் எனக்கு நிலைத்தது.